எந்தத் துளையில் செருகினாலும்

பென் டிரைவைச் செருகியதும் திரையில் அதன் படம் வந்து நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், யுஎஸ்பிக்காக நாங்கள் கெர்னலைக் கட்டமைத்த கதையைக் கேட்கும்போது முகத்தில் ஒரு பரிவை வரவழைத்துக்கொள்கிறார்கள். போன மாதம், முன்பு என்னிடம் வேலை பழகிய இருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தப் பரிவை மிக அருகில் பார்த்தேன்.

“மேடம், நெசமாவே யுஎஸ்பிக்காக கெர்னலையே கம்பைல் பண்ணுவீங்களா? டிரைவர் தானா வராதா?”

“தானா வர்றது மழை மட்டும்தான்ப்பா. மதுரையில அதுவும் யோசிச்சுத்தான் வரும்.”

சிரித்துவிட்டு, “எழுதி வைங்க மேடம்” என்று சொல்லிப் போனார்கள். பெரியவர்களிடமிருந்து தப்பிக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் அது. நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இயற்பியலில் முதுகலை, கணினியில் ஒரு பட்டயம், பிறகு சிம்மக்கல்லில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. கீழே வாழைப்பழ மொத்தக் கடை, மாடியில் நாங்கள். தொண்ணூறுகள் முழுவதும் வங்கிகளிலும் மில்களிலும் யூனிக்ஸ் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு லினக்ஸ் வந்தது, கூடவே யுஎஸ்பியும் வந்தது. வேலை உண்மையில் சுவாரசியமானது அப்போதுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இயங்குதளத்தின் நடுவில் இருப்பது கெர்னல். கணினியோடு இணைத்த ஒவ்வொரு பொருளோடும் பேசுவது அதுதான். யார் யாரோடு அதற்குப் பேசத் தெரிய வேண்டும் என்பதை அன்று நாங்கள்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும். நீலத் திரையில் ஒரு மெனு வரும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று பதில்கள் உண்டு. Y என்றால் அந்தத் திறமை கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும், கணினி எழும்போதே கூட எழும். M என்றால் தனித் துண்டாக வட்டில் கிடக்கும், கூப்பிட்டால் வரும். N என்றால் கிடையாது. இவ்வளவுதான். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தப்பு செய்யத் தயாராகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

யுஎஸ்பி பக்கத்தில் முதலில் வருவது, துளைகளை எல்லாம் ஆளும் கட்டுப்படுத்தி. அன்று அதில் இரண்டு குடும்பங்கள் இருந்தன. தாய்ப்பலகையில் எந்தக் குடும்பத்துச் சில்லு இருக்கிறது என்று பார்க்காமல் Y போட்டால், மீதிப் பக்கம் முழுவதையும் சரியாக நிரப்பினாலும் ஒரு துளையும் உயிர் பெறாது. அடுத்து பென் டிரைவ். உலகம் அதை யுஎஸ்பி பொருள் என்று நினைத்தது. கெர்னல் அதை ஸ்கசி என்ற பழைய வகை வட்டு என்று நினைத்தது. அதனால் வேறொரு பக்கத்தில் இருந்த ஸ்கசி வரிகளுக்கு Y போட்டுவிட்டு வர வேண்டும். போடாதவர்கள், பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று சொல்லிக் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்கள். பிறகு விசைப்பலகை. அதற்கு ஒருத்தர் M போட்டார். கோப்பு முறைமையில் கோளாறு வந்து, கடவுச்சொல்லைத் தட்டு என்று கணினி கேட்டபோது விசைப்பலகை ஊமையாக இருந்தது. அதைப் பேச வைக்கும் துண்டு, இன்னும் திறக்காத வட்டுக்குள் இருந்தது.

எங்கள் மேலாளர் துளசிராம் சார் அன்று சொன்னது: “பீரோ சாவிய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிட்டீங்க.” அதற்கு மேல் அவர் திட்டவில்லை. வேண்டியிருக்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சௌராஷ்டிரர். தொலைபேசியில் வீட்டாரிடம் சௌராஷ்டிரம், எங்களிடம் தமிழ், கணினியிடம் மௌனம். நான் வேலை பார்த்த ஆண்டுகளில் அவர் விசைப்பலகையைத் தொட்டுப் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். நாம் ஒரு Y போட்டால், “எதுக்கு?” என்பார்.

“இருந்துட்டுப் போகட்டும் சார்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“வீட்டுல இப்பிடித்தான் வர்றவங்களை எல்லாம் இருந்துட்டுப் போகச் சொல்வீங்களா?”

காரணம் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் சொன்னால் அதற்கடுத்தது. ‘நல்லா செஞ்சீங்க’ என்ற வாக்கியம் அவரிடம் கிடையாது. அடுத்த கேள்வி வராமல் இருந்தால் அதுதான் பாராட்டு. அது எப்போதாவதுதான் கிடைத்தது.

அவருடைய இன்னொரு சட்டம், மெனுவைத் திறக்கும் முன் ஒவ்வொரு ஒயரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது. “மெனு கேக்குற கேள்விக்குப் பதில் மெனுவுல இருக்காது விஜயா. ஒயர்ல இருக்கும்.” முதுகலைப் பட்டம் வாங்கிய நான் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்தது இந்தச் சட்டத்தால்தான்.

இனி கப்பலூர் விஷயம்.

ஜாபர் பாய் மதுரைக்காரர். கப்பலூர் தொழிற்பேட்டையில் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் ஆலை வைத்திருந்தார். அங்கே எடைக் கணக்குக்குக் கணினியும் நிரலும் அமைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒருநாள் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. பிரச்சினை பெரியது என்று அதிலேயே தெரிந்தது.

“மேடம், சின்ன ஒத்தாசை. நம்ம ஆலைக் கம்ப்யூட்டர் சரியாத்தான் ஓடுதுன்னு ஒங்க கம்பெனித் தாள்ல ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“எதுக்கு பாய்?” துளசிராம் சாரின் நோய் எனக்கும் தொற்றியிருந்தது.

“ஒரு பிள்ளைய வேலைய விட்டு நிறுத்தணும். சும்மா நிறுத்துனா நாலு பேரு நம்மளப் பேசுவாக. ஆதாரத்தோட நிறுத்துனா பேச்சு இல்ல பாருங்க.”

அந்தப் பிள்ளையின் பெயர் சாந்தி. டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஆலைக்குள் வரும் கழிவு பிளாஸ்டிக் சாக்குகளை வாசல் தராசில் நிறுத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அந்தச் சீட்டைக் காட்டித்தான் கொண்டுவந்தவர்கள் பணம் வாங்குவார்கள். அவள் நிறுக்கும் ஒவ்வொரு எடையையும் தராசே ஓர் ஒயர் வழியாக அலுவலகக் கணினிக்கும் அனுப்பிவிடும். இதேபோல இன்னொரு தராசு பின்பக்கம் இருந்தது. வெளியே போகும் குருணை மூட்டைகளுக்கு. மாலையில் சாந்தியின் சீட்டுகளைக் கூட்டினால் கணினியின் உள்வரவுத் தொகையோடு பொருந்த வேண்டும். கொஞ்ச காலமாகச் சில நாட்களில் பொருந்தவில்லை. சீட்டில் அதிகம், கணினியில் குறைவு. அவள் சீட்டில் ஏற்றி எழுதி, கொண்டுவருபவர்களோடு பங்கு போட்டுக்கொள்கிறாள் என்று பாய் முடிவு கட்டிவிட்டார்.

துளசிராம் சாரிடம் சொன்னேன். “கையெழுத்து கடைசியில. ஒயர் மொதல்ல” என்றார்.

நான் போனபோது வாசல் தராசைச் சுற்றி நாலைந்து வியாபாரிகள் நின்றார்கள். சாந்தி நிறுத்து இறக்கிய ஒவ்வொரு சாக்கையும் காவலாளி செல்லையா மறுபடி தூக்கி வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். பாயின் ஏற்பாடு. தன் மேல் சந்தேகம் என்பதை ஊர் பார்க்க அவள் முன்னாலேயே நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு சீட்டு எழுதினாள். என்னைப் பார்த்ததும் மூடிய வாய் திறந்தது.

“வாங்கக்கா. நீங்கதான் கம்ப்யூட்டர்க்காரவுகளா? எனக்கு என்ன பட்டம் எழுதியிருக்கீக? கள்ளியா, பெரிய கள்ளியா?”

“இன்னும் எழுதலம்மா.”

“பாத்து எழுதுங்க. எழுத்துப் பிழை வந்துறப் போகுது.”

உள்ளே போய்ச் சோதித்தேன். முத்திரையிட்ட எடைக்கல்லை வாசல் தராசில் வைத்தால் திரையில் உள்வரவில் சரியாக ஏறியது. பின்பக்கத் தராசில் வைத்தால் வெளிச்செல்லலில் சரியாக ஏறியது. திரும்பத் திரும்ப வைத்தாலும் அதேதான். நிரலில் குறையில்லை. தராசிலும் குறையில்லை. பாய் என் கைக்குப் பக்கத்தில் பேனாவைக் கொண்டுவந்து வைத்தார்.

“பாய், பொருந்தாத நாள்ல எல்லாம் சீட்டுதான் கூடுதலா? கம்ப்யூட்டர் கூடுன நாளு இல்லையா?”

“அதுவும் உண்டு மேடம்.”

“அன்னிக்கு அந்தப் பிள்ளைய என்ன கேட்டீங்க?”

“அன்னிக்கு என்னத்தக் கேக்க? நமக்கு நட்டமில்லையே.”

திருடுகிறவர்கள் சில நாட்களில் திருப்பி வைத்துவிட்டுப் போவதில்லை. பேனாவை மூடினேன். மேசைக்கு அடியில் புகுந்தேன்.

அங்கே இருந்த பெட்டி நாங்கள் கொடுத்தது அல்ல. “இது எப்ப வந்துச்சு பாய்?”

பாய் ஜன்னலைப் பார்த்தார். “மச்சான் ஒருத்தன் கடை போட்டிருக்கான் மேடம். சொந்தத்துல வாங்கலைன்னா வீட்டுல சோறு கெடைக்காது. ஒரு ரெண்டு மாசமிருக்கும்.”

கணக்கு பொருந்தாமல் போக ஆரம்பித்ததும் அதே காலம்தான். அது அவருக்குத் தோன்றவில்லை. மச்சானைச் சந்தேகப்படுவதை விட சாந்தியைச் சந்தேகப்படுவது எளிது.

பழைய பெட்டியில் தராசு ஒயருக்கென்றே இரண்டு சீரியல் துளைகள் இருந்தன. இரண்டு பக்கமும் திருகாணி போட்டு முறுக்கியது. புதியதில் அது கிடையாது, யுஎஸ்பி மட்டும். ஆகவே இரண்டு தராசு ஒயர்களின் முனையிலும் சீரியலை யுஎஸ்பியாக்கும் ஒவ்வொரு மாற்றியைப் போட்டுச் செருகியிருந்தார்கள். இரண்டும் ஒரே வகை. கெர்னலில் எல்லாவற்றுக்கும் M. இப்படி இருந்தால் கெர்னல் எதை முதலில் பார்க்கிறதோ அதற்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று என்று எண் கொடுக்கும். நிரலோ, பூஜ்யம் என்றால் உள்வரவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பும். இரண்டு முனைகளும் இடம் மாறினால் இரண்டு தராசுகளும் பெயர் மாறிவிடும். அன்று வெளியே போன சரக்கின் எடை உள்வரவாக ஏறும்; அது குறைவாக இருந்தால் சீட்டு கூடும், அதிகமாக இருந்தால் கணினி கூடும். ஆனால் இடம் மாற வேண்டுமே?

“இத யாராச்சும் கழட்டுறாங்களா பாய்?”

“ஒரு ஆளும் தொட மாட்டான் மேடம்.”

எல்லா முதலாளிகளும் இதையே சொல்வார்கள். நான் ஆலை மூடும்வரை உட்கார்ந்தேன். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்திருந்தது. கடைசி வண்டி போனதும் செல்லையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, கணினியை முறைப்படி நிறுத்தி, சுவரிலிருந்து மின் ஒயரைப் பிடுங்கினார். பிறகு குனிந்து இரண்டு தராசு ஒயர்களையும் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

“என்னண்ணே செய்யிறீங்க?”

“இடி விழுந்தா தராசு ஒயரு வழியா உள்ள வந்துரும்ல மேடம்? முன்னால ஒரு தடவ இப்பிடித்தான் போன் கருகிப் போச்சு. ராத்திரி வெளி ஒயரு ஒண்ணுகூட பொட்டியில இருக்கக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு.”

“பழைய பொட்டியிலயும் பிடுங்குவீங்களா?”

“அதுல திருகாணி. அதத் தராசுப் பக்கம் கழட்டுவேன். இதுதான் சுளுவா வருதே.”

நல்ல உத்தரவு. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். வெட்டவெளியில் ஓடிவரும் ஒயரை மழைக்காலத்தில் செருகியே வைப்பது, மின்னலுக்கு வாசலைத் திறந்து வைப்பதுதான்.

“காலையில எத எதுல செருகுவீங்க?”

செல்லையா என்னைச் சற்றுக் கவலையோடு பார்த்தார். “ரெண்டு ஓட்டையும் ஒண்ணுபோலத்தான மேடம் இருக்கு?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆலை திறக்கும் முன்பே போய்விட்டேன். செல்லையா ஒயர்களை எடுத்து, கைக்கு வந்தபடி செருகினார். நேற்றைக்கு நேர்மாறாக. நான் தடுக்கவில்லை. கணினி எழுந்ததும் பாயைப் பின்பக்கத் தராசில் ஏறி நிற்கச் சொன்னேன். தயங்கினார். ஏறினார். சாந்தியை அலுவலக வாசலில் நிறுத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

“பாய், நீங்க உள்வரவுல ஏறியிருக்கீங்க.”

அவர் இறங்கி ஓடிவந்து பார்த்தார். கழிவு பிளாஸ்டிக் கணக்கில் அவருடைய எடை, கிராம் சுத்தமாக உட்கார்ந்திருந்தது.

“யா அல்லா.”

சாந்தி பேனாவை எடுத்தாள். “பாய், இந்தச் சாக்குக்கும் சீட்டு எழுதணுமா?”

செல்லையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பாய்க்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் வெளியே நின்ற செல்லையா பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஏன்யா, பாத்துச் செருகக் கூடாதா? மேடம், ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டிரலாம். இனிமே ஒழுங்கா செருகட்டும். சோலி முடிஞ்சுது.”

எனக்கும் அது போதும் என்றுதான் பட்டது. துளசிராம் சாருக்குப் போன் செய்தேன்.

“செல்லையா ஊருக்குப் போனா யாரு செருகுவா?”

“வேற யாராவது சார்.”

“அந்தப் புழுதியில ஸ்டிக்கர் எம்புட்டு நாள் ஒட்டும்?”

பெட்டியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். விரல் கறுப்பாக வந்தது.

“ஒரு ஆளு கவனமா இருந்தாத்தான் இன்னொரு ஆளுக்கு வேலை நிக்கும்னா, அது நம்ம செஞ்ச வேலை இல்ல விஜயா. அவரு எப்பிடிச் செருகினாலும் சரியா வரணும். எது வேணும், சொல்லுங்க.”

வேறு சில்லு போட்ட மாற்றி ஒன்று வேண்டும் என்றேன். திருமங்கலம் போகும் பஸ் நடத்துனரிடம் கொடுத்தனுப்பினார். நெடுஞ்சாலை ஓரம் நின்று வாங்கிக்கொண்டேன்.

ஜும்மா தொழுகைக்காக ஆலையை நிறுத்தும் நேரம் எனக்குக் கிடைத்தது. நீலத் திரையைத் திறந்தேன். கட்டுப்படுத்தி எந்தக் குடும்பம் என்று பார்த்து அதற்கு Y. யுஎஸ்பி சீரியல் மாற்றி என்ற பொது வரிக்கு Y. அதன் கீழே சில்லு சில்லாக ஒரு நீண்ட வரிசை. வாசல் தராசில் இருந்த பழைய மாற்றியின் சில்லுக்கு Y. பின்பக்கத் தராசுக்குப் போட்ட புதிய மாற்றியின் சில்லுக்கு M. மற்ற எல்லாவற்றுக்கும் N. இனி கெர்னல் எழும்போது அதற்குத் தெரிந்த மாற்றி ஒன்றே ஒன்றுதான். அது எந்தத் துளையில் இருந்தாலும் பூஜ்யம் அதற்குத்தான். இன்னொன்றைப் பேச வைக்கும் துண்டை, பூஜ்யம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே ஏற்றும்படி தொடக்கக் கோப்பில் எழுதினேன். வரவில்லை என்றால் இரண்டு தராசும் வேலை செய்யாது, திரையில் எச்சரிக்கை வரும். தப்பான கணக்கை விட நின்றுபோன கணக்கு மேல்.

பிறகு வழக்கமான வரிசை. சார்புகளைச் சரிபார், கெர்னலைத் தொகு, துண்டுகளைத் தொகு, துண்டுகளை நிறுவு, புதிய கெர்னலை வேறு பெயரில் பூட் அடைவில் வை, பழையதைத் தொடாதே, எழும்போது எந்தக் கெர்னலைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கும் லிலோவின் கோப்பில் புதிய பத்தி சேர். கடைசியாக லிலோவை ஓட்டு. இந்தக் கடைசி வேலையை மறந்துவிட்டு, பழைய கெர்னலே எழுந்து வருவதைப் பார்த்து, ‘மாத்துனது வேலை செய்யலையே’ என்று முதலிலிருந்து தொடங்கியவர்களால் அந்தக் காலத்தில் ஒரு சங்கமே அமைத்திருக்கலாம். தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது சாந்தி தன் தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சோற்றில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

“இது வேலைக்கு ஆகுமாக்கா?”

“ஆகும்.”

“அம்புட்டு உறுதியாவா?”

“வெறுமனே சொல்லல. நீயே ஏறி நின்னு பாப்ப.”

தொழுகை முடிந்து பாய் வந்தார். மதிய வியாபாரிகளும் சாக்குகளோடு வந்து சேர்ந்தார்கள். செல்லையாவை அழைத்து, “ஒங்க இஷ்டத்துக்குச் செருகுங்கண்ணே” என்றேன். செருகினார். கணினி எழுந்தது. சாந்தி வாசல் தராசில் ஏறி நின்றாள். உள்வரவு. நிறுத்தி, பிடுங்கி, மாற்றிச் செருகச் சொன்னேன். உள்வரவு. மூன்றாம் முறை செல்லையாவுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பெட்டியின் முன்பக்கத்தில் யாரும் பயன்படுத்தாத துளையில் ஒன்றைச் செருகிவிட்டு, என்னை மாட்டிவிட்டவர் போல நின்றார். அப்போதும் உள்வரவுதான்.

“சரி, சரி. புரிஞ்சிருச்சு. எறங்கும்மா” என்றார் பாய்.

சாந்தி இறங்கவில்லை. தராசின் மேலேயே நின்றாள். வியாபாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இவுக முன்னால வச்சுத்தான பாய் என் சாக்க மறு எடை போட்டீக? இவுக முன்னாலயே சொல்லிருங்க. அப்பறம் எறங்குறேன்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் தொடங்கி, எல்லோருக்கும் கேட்கும் குரலில் முடித்தார். “கணக்குல தப்பு மிஷினால வந்தது. மிஷின வாங்குனது நானு. இந்தப் பிள்ளை மேல ஒண்ணும் இல்ல. இனிமே மறு எடை கெடையாது.”

அவள் இறங்கினாள். அடுத்த சாக்கைத் தூக்கி வைக்கச் சொன்னாள்.

மாலையில் சிம்மக்கல் மாடியில் துளசிராம் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். கட்டுப்படுத்திக்கு எதுக்கு Y? சொன்னேன். மற்ற சில்லுகளுக்கு எதுக்கு N? சொன்னேன். பூஜ்யம் இல்லாவிட்டால் இரண்டும் எதுக்கு நிற்க வேண்டும்? அதையும் சொன்னேன்.

“ரெண்டுல எதுக்கு வேணா Y போட்டிருக்கலாம். உள்வரவுக்கு ஏன் போட்டீங்க?”

“வெளிய போற சரக்க ரோட்டு எடைமேடையில லாரியோட ஒரு தடவ நிறுக்குறாங்க சார். அதுக்குச் சாட்சி இருக்கு. உள்ள வர்ற சரக்குக்கு அந்தப் பொண்ணு மட்டுந்தான் சாட்சி. அதனால மொதல்ல எந்திரிக்கறது அவ தராசா இருக்கணும்.”

நாற்காலிக்குப் பின்னால் சற்று நேரம் அவர் நிற்பது தெரிந்தது. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். கீழே வாழைத்தார் இறக்குபவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் தன் மேசைக்குப் போய், தொலைபேசியை எடுத்து, வீட்டாரிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.